பார்க்கர் என்றால் எந்தப் பார்க்கர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், வவுனிக்குளத்துக்குக் கிட்ட, குடியேற்றத்திட்ட ஊர் ஒன்றில் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருக்குள் பெரிய வாக்குவாதம். பார்க்கர் என்பவர் பேனை செய்தவர் என்றாள் ஒருத்தி. இல்லை, அவர்தான் சிலந்தி மனிதன் என்றான் இன்னொருவன். மூன்றாவது பிள்ளை ஒரு பத்திரிகைத் துண்டைக் காட்டி, அது சூரியனுக்கு அனுப்பிய விண்கலம் என்றாள். மூவர் சொன்னதும் சரி. எங்கள் குளத்தின் பழைய துருசைப் (தண்ணீர் திறந்துவிடும் மதகைப்) பற்றி எழுதிவைத்த பார்க்கர் ஒருவரும் இருக்கிறார் என்று நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து வந்த கேள்விகளையும், தேடிப் படித்துச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

பார்க்கர் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?

அது ஒரு தொழிலின் பெயர். இங்கிலாந்தில் முற்காலத்தில் 'பார்க்' என்றால் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் இடம் அல்ல. அரசனோ பிரபுவோ வேட்டையாடுவதற்கென்று மான்களை விட்டு, சுற்றிவரப் பள்ளம் வெட்டி, மண்ணணை போட்டு, மேலே மரவேலி அடைத்த காடு. அந்தக் காட்டுக்குக் காவல் நின்றவர் பார்க்கர். பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களுடைய மொழியிலிருந்து போன சொல் இது. தொழில் கைவிட்டுப் போன பிறகும் பேரப்பிள்ளைகளிடம் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இதைச் சொன்னதும் ஒரு பையன், "எங்கட அப்பா பரணில காவல் இருக்கிற மாதிரியோ?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கதிர் முற்றும் காலத்தில் எங்கள் ஊரில் இரவிரவாகப் பரணில் இருந்து, நெருப்பு மூட்டி, தகரத்தில் தட்டிப் பன்றியையும் யானையையும் கலைப்பார்கள். இரண்டும் காவல்தான். ஆனால் காவலின் திசை வேறு. எங்கள் காவற்காரர் காட்டு மிருகத்திடமிருந்து ஏழையின் நெல்லைக் காக்கிறார். அந்தப் பார்க்கர், பசித்த குடியானவன் வேலி தாண்டி வந்து பிடித்துவிடாமல் பிரபுவின் மானைக் காத்தார்.

'பார்க்க' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்திருக்குமா? காவற்காரர் பார்த்துக்கொள்பவர்தானே?

இல்லை. காதுக்கு ஒத்திருப்பது தற்செயல். இப்படி ஒத்த ஒலிகளை வைத்துக்கொண்டு உலகத்துச் சொல்லெல்லாம் தமிழ் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் அதை நம்பிப் பரீட்சையில் எழுதிவிடக் கூடாது. தமிழின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையில்லை.

அப்படியென்றால் பார்க்கர்கள் எல்லாரும் சொந்தக்காரரா?

அல்ல. இங்கிலாந்து முழுவதும் வேலி அடைத்த வேட்டைக் காடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் காவற்காரர் இருந்தார். ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பெயரோடு தொடங்கின. பிறகு கலியாணத்தால் பெயரை எடுத்தவர்கள், எசமானின் பெயர் சுமத்தப்பட்ட அடிமைகள், தாங்களாகவே சூட்டிக்கொண்டவர்கள் என்று கூட்டம் பெருகியது.

எங்கள் ஊரில் புதிதாக ஒரு பெயரைக் கேட்டால் வயதானவர்கள் உடனே, "ஆற்றை மகன்?" (யாருடைய மகன்?) என்று கேட்பார்கள். பார்க்கர் என்ற பெயர் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்களிடம் ஏன் இப்படிக் குடும்பப் பெயர் இல்லை?

எங்களுடைய முறையில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அடுத்த தலைமுறையில் தகப்பன் பெயர் மாறிவிடும். தொழிற்பெயர் எங்களிடமும் உண்டு. ஓவசியர் வீடு, விதானையார் வளவு, பரியாரியார் வீட்டுப் பிள்ளைகள், சட்டம்பியாரின் பேத்தி என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் அது வாயில் வழங்கும் பெயர். பதிவுப் புத்தகத்தில் ஏறாது. ஓவசியர் செத்து, அவருடைய பிள்ளைகளும் செத்தால் பெயரும் மெல்ல மறைந்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் தொழிலைக் குறித்த பல சொற்களைச் சாதியாக்கி, ஆட்களை மட்டந்தட்டப் பயன்படுத்தினோம். அந்தச் சொல்லைப் பெயரோடு ஒட்டிவைத்திருக்க யாருக்கு மனம் வரும்? இங்கிலாந்தில் கொல்லனின் பேரன் பிரதமரானாலும் கொல்லன் என்ற பெயரோடே இருக்கலாம். எங்களிடம் அந்தச் சொல்லின் காயம் இன்னும் ஆறவில்லை.

பதவிப் பெயர் ஆட்பெயராக நின்ற கதை வன்னியிலேயே இருக்கிறது. வன்னியன், வன்னியனார் என்பது இந்த நிலத்தை ஆண்ட தலைவர்களின் பட்டம். பண்டாரவன்னியனின் பெயரில் அது கலந்தே நிற்கிறது. 1803 ஒக்டோபர் 31 இல் அவர் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல் கற்சிலைமடுவில் நடப்பட்டது. வன்னியசிங்கம் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதும் அந்தப் பட்டம்தான் உள்ளே இருக்கிறது.

வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் எதை எழுதுவது?

பெரும்பாலானவர்கள் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். என் சித்தப்பாவின் மகன்மார் இருவர். மூத்தவர் கனடாவுக்குப் போனபோது, கடைசியில் இருந்த அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. இளையவர் லண்டனில் தகப்பன் பெயரைக் கொடுத்தார். இன்று ஒரே வயிற்றில் பிறந்த இருவரின் பிள்ளைகளுக்கும் வேறு வேறு குடும்பப் பெயர். பார்க்கர்கள் ஒரே பெயரோடு அந்நியர். இவர்கள் வேறு பெயரோடு ஒரே இரத்தம்.

எங்கள் குளத்தோடு தொடர்புள்ள பார்க்கர் யார்?

ஹென்றி பார்க்கர். பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் வேலைசெய்த நீர்ப்பாசனப் பொறியியலாளர். 1873 இல் சேவையில் சேர்ந்து 1904 வரை இருந்தார். தென்கரையில் திஸ்ஸமகாராமையில் அகழ்ந்து கண்டவற்றை 1884 இல் எழுதினார். ஓய்வுபெற்ற பிறகு, 1909 இல், பண்டைய இலங்கை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். சிங்களக் கிராமங்களில் சேர்த்த நாட்டார் கதைகளை 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்.

அந்த 1909 ஆம் ஆண்டு நூலில் பழைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றிய பகுதி இருக்கிறது. அதில் எங்கள் வவுனிக்குளமும் வவுனியாப் பக்கத்துப் பாவற்குளமும் வருகின்றன. அவர் காலத்தில் வவுனிக்குளம் கட்டு உடைந்து, காடு பத்திக் கிடந்த குளம். இன்று நாங்கள் சைக்கிளில் போகும் குளக்கட்டில் அன்று மரங்கள் நின்றன. பாலியாறு மறிப்பார் இல்லாமல் தன்பாட்டில் ஓடியது. குளத்தைத் திருத்திக் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது 1950களில்தான். என் பேரனார் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து மண்வெட்டியும் கத்தியுமாக வந்தவர்.

பார்க்கரிடம் எனக்குப் பிடித்த குணம், அவர் கட்டுமானத்தைக் கைவேலைக்காரனின் கண்ணால் பார்த்தது. எந்த அரசன் கட்டினான் என்ற கதைகளோடு நின்றுவிடாமல் செங்கல்லை அளந்தார். நீளம், அகலம், தடிப்பு. மிகப் பழைய கட்டடங்களின் கற்கள் பெரியவை, அகன்றவை. காலம் செல்லச் செல்லக் கல் சிறுத்துக்கொண்டு வந்தது என்பதைக் கண்டு, பல இடத்துக் கற்களின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது முந்தியது எது பிந்தியது என்று கணிக்கப் பார்த்தார். கல்வெட்டு இல்லாத குளத்துக்கும் வயது கேட்க அது ஒரு வழி.

அடுத்தது துருசு. பெரிய குளங்களின் பழைய துருசுகளில், கட்டுக்குள்ளே சதுரமான கிணறு போல ஒன்று கட்டப்பட்டிருக்கும். சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். அது எதற்கு என்று பார்க்கர் பொறியியலாளராக யோசித்தார். இருபது முப்பது அடித் தண்ணீர் நிற்கும் குளத்தின் அடியில் ஒரு துவாரத்தைத் திறந்தால் என்ன நடக்கும்? தண்ணீர் வெறிகொண்டு பாயும். வாய்க்காலையும் அரிக்கும், கட்டையும் அரிக்கும். அந்தக் கிணற்றுக்குள் தண்ணீரை விட்டு, அங்கே அடைப்பை ஏற்றி இறக்கி அளவாக வெளியே அனுப்பினால் வேகம் அடங்கும். இன்றைய வால்வுக் கிணற்றின் வேலை அதுதான். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய உத்தியை இந்தத் தீவின் குளங்கட்டிகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கையாண்டார்கள் என்று அவர் எழுதினார். ஆளவந்த நாட்டின் அதிகாரி ஒருவர், ஆளப்பட்டவர்களின் முன்னோர் எங்களை முந்திவிட்டார்கள் என்று அந்தக் காலத்தில் எழுதியது சின்ன விடயம் அல்ல.

இன்று குளங்களின் பெயரில் யார் முந்தியவர் என்ற சண்டை நடக்கிறது. வன்னியில் அது வெறும் புத்தகச் சண்டை அல்ல, காணிச் சண்டையும்கூட. அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பார்க்கரின் எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை. அவர் அளந்த மாதிரி அளக்கப் பழகுங்கள்.

பேனை செய்த பார்க்கர்?

ஜோர்ஜ் சாஃபர்ட் பார்க்கர். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் ஊரில் தந்தியடிக்கப் படிப்பித்த ஆசிரியர். சம்பளம் போதாமல் மாணவர்களுக்குப் பேனை விற்றார். விற்ற பேனைகள் மை கக்கின. தானே திருத்திக் கொடுத்துத் திருத்திக் கொடுத்து, கடைசியில் ஒழுகாத பேனை செய்தால் என்ன என்று 1888 இல் கொம்பனி தொடங்கினார். 1894 இல், எழுதாதபோது மையை உள்ளே திருப்பி இழுக்கும் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். 1931 இல் 'குவிங்க்' மை வந்தது. 1941 இல் விற்பனைக்கு வந்த 'பார்க்கர் 51' உலகம் முழுவதும் போனது. அதை உருவாக்கி முடித்த 1939, கொம்பனியின் 51 ஆவது ஆண்டு, பெயர் அதனால். 1945 மே 7 இல் ஜேர்மனி சரணடைந்த பத்திரத்தில் கையொப்பமிடப் பயன்பட்டவை நேசநாட்டுப் படைத் தளபதி ஐசன்ஹோவரின் பார்க்கர் பேனைகள்.

எங்கள் வீட்டிலும் ஒரு 51 இருக்கிறது. மலாயாவில் வேலைசெய்து பென்சனோடு திரும்பிய பெரியவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய என் தகப்பனாருக்குக் கொடுத்தது. மண்ணிற உடல், உருக்கு மூடி. அம்பு வடிவக் கொழுக்கியின் இறகு பக்கம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துவிட்டது. மற்றப் பேனைகளில் முள் முழுவதும் வெளியே தெரியும். இதில் ஆமை தலையை உள்ளே இழுத்த மாதிரி நுனி மட்டுந்தான் தெரியும். மை காய்ந்துவிடாமல் இருக்க அப்படி மூடியிருக்கிறார்கள். 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது, காணிப் பெர்மிற், பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள் போட்டுச் சுற்றிய பொலித்தீன் பைக்குள் அம்மா இதையும் வைத்திருந்தா. வீட்டில் இருந்த வேறு எதுவும் மிஞ்சவில்லை. மீள்குடியேறிய பிறகு ஒருநாள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, உள்ளேயிருக்கும் பையை அமுக்கி அமுக்கிக் கழுவினேன். இரண்டு நாள் நீலக் கறுப்பாக மை கரைந்து வந்தது. மூன்றாம் நாள் எழுதியது. வாசிகசாலை இரவல் புத்தகப் பதிவை அதனால்தான் எழுதுகிறேன்.

மொனொப்பொலி விளையாட்டுப் பெட்டியில் இருக்கும் ஜோர்ஜ் பார்க்கரும் இவரா?

இல்லை. இந்தக் குழப்பம் நியாயமானது, ஏனென்றால் இருவரும் ஜோர்ஜ் எஸ். பார்க்கர், இருவரும் அமெரிக்கர், மூன்று வயதுதான் வித்தியாசம். விளையாட்டுக்காரர் ஜோர்ஜ் ஸ்வின்னேட்டன் பார்க்கர். மசாசூசெட்சின் சேலம் ஊரில் 1883 இல், பதினாறு வயதில், விளையாட்டு வெளியிடத் தொடங்கினார். பிறகு சகோதரரும் சேர, பார்க்கர் பிரதர்ஸ் ஆனது. மொனொப்பொலியை அவர்கள் வெளியிட்டது 1935 இல்.

சூரியனுக்குப் போன பார்க்கர் விண்கலத்துக்கு யாருடைய பெயர்?

இயூஜின் பார்க்கர் என்ற அமெரிக்க இயற்பியலாளரின் பெயர். இந்தக் கதையில் தமிழர் ஒருவர் வருகிறார், ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

1958 இல் பார்க்கர் முப்பது வயது இளைஞர். சூரியனிலிருந்து எந்த நேரமும் துகள்கள் காற்றுப் போல வெளிநோக்கி வீசிக்கொண்டிருக்கின்றன என்று கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். வால்வெள்ளியின் வால் ஏன் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது என்பதற்கும் அதில் விடை இருந்தது. சஞ்சிகை அந்தக் கட்டுரையைப் படித்துப் பார்க்க இரண்டு அறிஞர்களிடம் அனுப்பியது. இருவரும் தள்ளிவிடச் சொன்னார்கள். சஞ்சிகையின் ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னையில் படித்த தமிழர். 1983 இல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்கும் அந்தக் கருத்து மனதுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை காட்ட அந்த அறிஞர்களாலும் முடியவில்லை, அவராலும் முடியவில்லை. பிழை இல்லாத கணக்கைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளுவது முறையல்ல என்று அச்சேற்றினார். 1962 இல் மரைனர் 2 விண்கலம் போய், அந்தக் காற்று வீசுவது உண்மை என்று காட்டியது.

சந்திரசேகரும் இளமையில் இலண்டனில் ஒரு பெரியவரின் ஏளனத்துக்கு ஆளானவர். நட்சத்திரங்களின் முடிவு பற்றிய அவருடைய கணக்கை 1935 இல் எடிங்டன் என்ற புகழ்பெற்ற வானியலாளர் சபையில் வைத்தே தள்ளிவிட்டார். அந்த வலியை அறிந்தவரின் மேசைக்குப் பார்க்கரின் கட்டுரை போய்ச் சேர்ந்தது.

விண்கலம் 2018 ஓகஸ்ட் 12 இல் ஏவப்பட்டது. உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை நாசா விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல்முறை. தொண்ணூற்றொரு வயதில் அவர் நேரில் வந்து பார்த்தார். 2022 மார்ச்சில் காலமானார். 2024 டிசம்பர் 24 இல் அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து சுமார் 61 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்குக் கிட்டப் போனது. வேகம் மணிக்குச் சுமார் 692,000 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டால் ஒரு நொடி முடியமுன் வவுனியாவைத் தாண்டிவிடும்.

பீட்டர் பார்க்கர் உண்மையான ஆளா?

சிலந்தி மனிதன் 1962 இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் பிறந்த கற்பனைப் பாத்திரம். ஆனால் பீட்டர் பார்க்கர் என்ற உண்மையான மனிதர்கள் பலர் இருந்தார்கள். எங்களுக்குக் கிட்டத்தில் வருபவர் டொக்டர் பீட்டர் பார்க்கர். சீனாவின் கன்ரன் நகரில் 1835 இல் கண் வைத்தியசாலை தொடங்கிய மிஷனரி. அவரை அனுப்பியது, 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு ஆட்களை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சபை. 1847 இல் வந்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீனையும் அந்தச் சபையே அனுப்பியது. ஒரு சபை, இரண்டு கரை, இரண்டு வைத்தியர்.

பெக்கோவின் குழாயில் பார்க்கர் என்று எழுதியிருக்கிறதே?

அது பார்க்கர் ஹனிஃபின். ஆர்தர் பார்க்கர் 1917 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கிய கொம்பனி. ஹைட்ராலிக் குழாய், பொருத்து, ஓ-ரிங் செய்கிறார்கள். பேனைக் கொம்பனிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பார்க்கர்கள் எல்லாரும் வெள்ளையரா?

அப்படி நினைக்கக் கூடாது. எலி பார்க்கர் செனக்கா என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்தார். குடியுரிமை இல்லாதவர் என்று சட்டத்தரணியாக விடவில்லை. பொறியியல் படித்தார். உள்நாட்டுப் போரில் ஜெனரல் கிராண்டின் செயலாளரானார். 1865 ஏப்ரல் 9 இல் தெற்குப் படை சரணடைந்தபோது அந்த நிபந்தனைகளை மையால் எழுதியது அவருடைய கை. பிறகு பழங்குடிகள் விவகார ஆணையாளராக இருந்த முதலாவது பழங்குடி மனிதரும் அவரே.

குவானா பார்க்கரின் பெயர் தாயிடமிருந்து வந்தது. 1836 இல் டெக்சாசில் பார்க்கர் குடும்பத்தின் கோட்டையைத் தாக்கிய கொமாஞ்சி என்ற பழங்குடியினர் சிந்தியா ஆன் என்ற சிறுமியைக் கொண்டுபோனார்கள். அவள் அவர்களில் ஒருத்தியாகவே வளர்ந்து, தலைவன் ஒருவனைக் கலியாணம் செய்தாள். 1860 இல் வெள்ளையர் 'மீட்டார்கள்'. அவளோ திரும்பிப் போகவே துடித்தாள். பிள்ளைகளைப் பிரிந்த துயரம் கடைசிவரை ஆறவில்லை. மகன் குவானா கொமாஞ்சிகளின் தலைவரானார். தாயின் பெயரைத் தன் பெயரோடு வைத்துக்கொண்டார். பிரிந்த பிள்ளைகளைத் தேடும் தாய்மாரை நாங்கள் வீதியோரக் கொட்டில்களில் தினமும் காண்கிறோம். இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்கு வேகமாகச் சொல்லிக் கடப்பதில்லை.

சாக்சபோன் வாசித்த சார்லி பார்க்கர் கறுப்பினத்தவர். ஜாஸ் இசையின் போக்கை மாற்றியவர். 1955 இல் முப்பத்துநாலு வயதில் இறந்தபோது, உடலைப் பார்த்த வைத்தியர் ஐம்பதுக்கு மேல் மதித்தார். போதை அப்படி அரித்திருந்தது.

பெண்கள்?

டொரதி பார்க்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர். பார்க்கர் முதல் கணவரின் பெயர். மணம் முறிந்த பிறகும் அந்தப் பெயரிலேயே எழுதினார். 1967 இல் இறந்தபோது தன் சொத்தை ஒருமுறையும் நேரில் சந்தித்திராத மார்டின் லூதர் கிங்குக்கு எழுதிவைத்திருந்தார். அடுத்த ஆண்டே கிங் கொல்லப்பட, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. பிரித்தானிய அரசி கமிலா பார்க்கர் பௌல்ஸ் என்று அறியப்பட்டதும் முதல் கணவரின் பெயரால்தான். கொள்ளைக்காரி பொனி பார்க்கர் பிறப்பால் பார்க்கர்.

பெயரை இரவல் எடுத்தவர்கள் உண்டா?

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முகாமையாளர் கேர்ணல் டொம் பார்க்கர். அவர் கேர்ணலும் அல்ல, டொமும் அல்ல, பார்க்கரும் அல்ல. ஒல்லாந்தின் பிரேடா நகரில் பிறந்த அந்திரியாஸ் வான் கய்க். ஆளுநர் ஒருவர் கௌரவமாகக் கொடுத்த பட்டம்தான் கேர்ணல்.

பார்க்கர் அணை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், 1938 இல் கட்டி முடிந்தது. குளக்கட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். அணையின் உயரம் 320 அடி. அதில் 235 அடி ஆற்றுப் படுக்கைக்குக் கீழே. பாறை கிடைக்கும்வரை மணலைத் தோண்டிக்கொண்டே போனார்கள். கண்ணுக்குத் தெரிவது கால்வாசிதான்.

தேடும்போது எப்படிப் பிரித்து அறிவது?

முன்பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். தமிழில் தேடினால் இன்னொரு சிக்கல். பஸ்ஸுக்கும் பாணுக்கும் ஒரே 'ப' எழுதுகிறோம். ஆகவே தமிழில் பார்க்கர் என்று வருபவர், பஸ்ஸின் ஒலியோடு தொடங்கும் வேறொரு பெயர்க்காரராகவும் இருக்கலாம். அதுவும் தொழிற்பெயரே: மரப்பட்டையால் தோல் பதனிட்டவர். எங்களில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டவர்களைப் போல.

ஹென்றி பார்க்கர் அளந்த மாதிரி நாங்களும் செங்கல் அளக்கலாமா?

அளக்கலாம். உடையாத முழுக் கல்லாக இருக்க வேண்டும். அடிமட்டத்தால் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் எடுங்கள். ஒரு பக்கத்தை இரண்டு இடத்தில் அளந்தால் பிழை குறையும். எந்தக் குளம், கட்டின் எந்தப் பக்கம், யார் அளந்தது, என்ன திகதி என்று கொப்பியில் எழுதுங்கள். மாரி காலத்தில், குளம் வான் பாயும் நேரத்தில் துருசுப் பக்கம் போகவே வேண்டாம். சிறுபோகம் முடிந்து தண்ணீர் இறங்கிய பிறகு, பெரியவர் ஒருவரோடு போங்கள். மண்ணைக் கிண்ட வேண்டாம். இது போர் நடந்த நிலம், அத்தோடு பழைய இடங்களைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். கல்லை வீட்டுக்குக் கொண்டுவராமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அளவை வாசிகசாலைக்குக் கொண்டுவந்தால் பதிவில் சேர்க்கிறேன். இதுவரை பதினொரு கல் சேர்ந்திருக்கிறது.